தூக்கம் வராத இரவுகளில் நோட்டில் மரமாக வரைந்துகொண்டிருக்கிறேன், மனசு லேசாகிறது. வரையத் தெரியாத எனக்கு இது உண்மையான ஆறுதலா, வெறும் நேரப்போக்கா?

உண்மையான ஆறுதல்தான். உங்கள் வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை, அல்லது சமீபத்தில் யாரையோ இழந்திருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். தப்பாக இருந்தால் மன்னியுங்கள். எனக்கு அப்படித்தான் ஆரம்பித்தது.

எங்கள் ஊர் பண்ருட்டிப் பக்கம். வீட்டுக்குப் பின்னால் தாத்தா வைத்த பலா ஒன்று இருந்தது. 2011 டிசம்பர் 30, வெள்ளிக்கிழமை காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியது. மழை கொஞ்சம் விட்டதும் பின்கதவைத் திறந்தோம். கொல்லை முழுக்க வெளிச்சம். அந்த இடத்தில் அவ்வளவு வெளிச்சத்தை நாங்கள் அதுவரை பார்த்ததில்லை.

பலா மரத்தில் வீணை செய்வார்கள், மிருதங்கம் செய்வார்கள். அப்படிப்பட்ட மரத்தை வியாபாரி விறகு விலைக்குக் கேட்டார். ஊரெல்லாம் மரம் விழுந்து கிடக்கும்போது யாரிடம் போய் பேரம் பேசுவது? அறுத்த இடமெல்லாம் மஞ்சள் மஞ்சளாக இருந்தது. நஷ்டக் கணக்கு எழுத வந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ‘பலா – 1’ என்று எழுதிக்கொண்டு போனார். எனக்கு இன்றைக்கும் அது ஆறவில்லை. அப்பா அதற்குப் பிறகு அந்த மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

2016இல் அப்பாவுக்குக் கிட்னி போய்விட்டது. வாரம் இரண்டு டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். ஒருநாள் பில்லின் பின்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் சும்மா மரம் ஒன்று வரைந்தேன். அப்பா கண் விழித்து, “என்னாது அது?” என்றார்.

“நம்ம வீட்டுப் பலாப்பா.”

வாங்கி வெகுநேரம் பார்த்தார். “பலா எங்கப்பா நுனியில காய்க்கும்? அடிமரத்துல இல்ல காய்க்கும்.”

முப்பது வருஷம் அந்த மரத்தடியில் வளர்ந்தவன் நான். மாங்காய் மாதிரி கிளை நுனியில் பலாக்காயைத் தொங்கவிட்டிருந்தேன். அடுத்த தடவை காயை அடிமரத்துக்குக் கொண்டுவந்தேன். “கிழக்கால போற கெளை இன்னும் தாழ இருக்கும். உங்கம்மா உனக்குத் தூளி கட்டுனது அதுலதான்” என்றார். இது எனக்குத் தெரியவே தெரியாது. அதற்கும் அடுத்த தடவை, “வேர்லயும் ஒரு காய் வரும்பா. மண்ணு வெடிக்கும், வாசனை வரும், தோண்டி எடுப்போம். அத வரைய முடியுமா?” என்று கேட்டார். மண்ணுக்குள் இருக்கும் காயை எப்படி வரைவது? அடியில் நாலு வெடிப்புக் கோடு மட்டும் போட்டேன். “ஆங், அதான்” என்றார். ஐந்து வருஷமாக வாயைத் திறக்காத மனிதர், மாத்திரை அட்டையைத் தள்ளிவைத்துவிட்டு மரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்.

இதைப் படிக்கும் ஓவியர்கள் கோபப்பட வேண்டாம். எனக்கு நிழலும் வராது, தூரமும் வராது. இது மருத்துவத்துக்கு மாற்று என்றும் நான் சொல்லவில்லை. தூக்கம் வராதது தொடர்ந்தால் டாக்டரைப் பாருங்கள், கொடுத்த மாத்திரையை நிறுத்தாதீர்கள். இன்னொன்று, இலையில்லாத மரம் வரைந்தால் மனச்சோர்வு, பொந்து வரைந்தால் பழைய காயம் என்று உங்கள் நோட்டைப் பார்த்துச் சிலர் சொல்லக்கூடும். மரம் வரையச் சொல்லி மனதை அளக்கும் சோதனை ஒன்று உண்டு. சுவிட்சர்லாந்தின் கார்ல் கோச் 1949இல் அதற்காகவே புத்தகம் எழுதினார். ஆனால் நீங்கள் பார்க்கும் புளியமரத்தில் பொந்து இருந்தால் பொந்து வரைந்துதான் ஆக வேண்டும். பயப்படாதீர்கள்.

வரையத் தெரியாது என்கிறீர்களே, யார் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்? இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓரத்தில் தென்னை. அதோடு சரி. வாரத்துக்கு ஒரு டிராயிங் பீரியட், அதையும் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார். என் மகள் பள்ளியிலும் இன்றைக்கு அதே கதைதான்.

அதனால் பொதுவாக ‘ஒரு மரம்’ வரையாதீர்கள். உங்களுக்குத் தெரிந்த ஒரு மரத்தை வரையுங்கள். பகலில் போய் அதன் முதல் கிளை எந்த உயரத்தில் பிரிகிறது என்று பாருங்கள். ஒரு உயரத்தில் இருக்கும் கிளைகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்தால் அடிமரத்தின் பருமன் வரும் என்று லியானார்டோ டா வின்சி குறித்து வைத்திருக்கிறார். எல்லா மரத்துக்கும் அச்சாகப் பொருந்தாது. ஆனாலும் கிளை பிரியப் பிரிய எவ்வளவு மெலிய வேண்டும் என்பதற்கு எனக்கு இது போதுமாக இருக்கிறது.

அப்பா 2018இல் போய்விட்டார். மொத்தம் பதினோரு தாள்கள் என்னிடம் இருக்கின்றன. கடைசித் தாளில் ஒரு கோடு அவர் போட்டது. ஊசி குத்தியிருந்த இடதுகையை அசைக்காமல், வலதுகையில் பேனாவை வாங்கிக் கிழக்குக் கிளையை இழுத்தார். கோடு நடுங்கி நடுங்கி பில்லின் ஓரம் வரை போனது. “இன்னும் போவும்பா, இடம்தான் இல்ல” என்றார்.

நீங்கள் தாள் மட்டும் பெரிதாக எடுத்துக்கொள்ளுங்கள்.