டெட்லிஃப்ட் தூக்கும்போது பிடி நழுவுகிறது. கிரிப்பரும் ரிஸ்ட் ரோலரும் வாங்கினால் சரியாகுமா?

டெட்லிஃப்டில், அதாவது தரையில் கிடக்கும் எடைக் கம்பியைத் தூக்கி நிமிரும்போது, முதுகும் காலும் தாங்குகின்றன, 100 கிலோவைத் தாண்டினால் கைதான் விட்டுவிடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கிரிப்பர் (ஸ்பிரிங் வைத்த இரண்டு கைப்பிடிகளை ஒரு கையால் அழுத்தி மூடும் கருவி) வாங்குங்கள், நல்ல சாமான்தான். ஆனால் உங்கள் சிக்கலுக்கு முதலில் செய்ய வேண்டியது அது இல்லை.

பிடி பலத்தில் பல வகை உண்டு. கிரிப்பரை அழுத்தி மூடுவது ஒன்று. கனமான கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்பது வேறு. கட்டைவிரலை எதிரே கொடுத்து இரும்புத் தகடுகளைச் சேர்த்துப் பிடித்துத் தூக்குவது இன்னும் வேறு. ஒன்றில் கில்லாடியாக இருப்பவர் அடுத்ததில் திணறுவதை ஜிம்மில் அடிக்கடி பார்க்கிறேன். டெட்லிஃப்டுக்கு வேண்டியது இரண்டாவது வகை. அதனால் கடைசி செட் முடிந்ததும் கம்பியை உடனே கீழே வைக்காமல் பதினைந்து, இருபது விநாடி பிடித்து நில்லுங்கள். புல்-அப் கம்பியில் தொங்குங்கள். கனமான டம்பெல் இரண்டைத் தூக்கிக்கொண்டு நடங்கள். லேசான செட்டுக்கெல்லாம் மணிக்கட்டைக் கம்பியோடு பிணைக்கும் ஸ்ட்ராப் கட்டும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்துங்கள். பிடி நழுவுவதற்குப் பெரும்பாலும் இதுவே போதும்.

சரி, கிரிப்பருக்கு வருவோம். வலது முன்கையின் உட்பக்கம், முழங்கைக்குச் சற்றுக் கீழே, இடது கையை வைத்துக்கொண்டு வலது கையை இறுக மூடிப் பாருங்கள். தசை திரண்டு எழும்பும். விரல்களை மடக்கும் பெரிய தசைகள் இருப்பது அங்கேதான். அவற்றின் தசைநாண்கள் மணிக்கட்டைத் தாண்டி விரல்களுக்குப் போகின்றன. கிரிப்பர் முன்கைக்கும் வேலை கொடுப்பது இப்படித்தான்.

திருகி இறுக்கம் கூட்டும் பிளாஸ்டிக் கிரிப்பர் தொடக்கத்துக்குப் போதும். அதை டிவி பார்த்துக்கொண்டே நூறு, இருநூறு தடவை அழுத்துகிறவர்கள் நிறையப் பேர். அதில் கை சளைக்காமல் உழைக்கப் பழகும், பலம் அவ்வளவாக ஏறாது. பலம் வேண்டுமென்றால் ஐந்தாறு தடவைக்கு மேல் மூட முடியாத கனத்தில், நன்றாக ஓய்வு விட்டு மூன்று நான்கு செட். பயிற்சிக்குப் பயிற்சி இரண்டு நாள் இடைவெளி.

பிடிக்கும் விதம் முக்கியம். ஒரு கைப்பிடி கட்டைவிரல் மேட்டில் அழுந்தி உட்கார வேண்டும். மற்றதைச் சுண்டுவிரல் வரை நான்கு விரலும் முழுதாகச் சுற்ற வேண்டும். சுண்டுவிரல் நுனி மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் அந்தப் பக்கத்துப் பலம் முழுக்க வீண். ஸ்பிரிங் மூட மூட விறைக்கும் என்பதால் கடைசி அரை அங்குலம்தான் நிஜமான வேலை. இரண்டு கைப்பிடியும் ‘டக்’ என்று மோதாவிட்டால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அந்த அரை அங்குலத்தில் மாட்டிக்கொண்டால் இரண்டு கையாலும் மூடி, ஒரு கையை எடுத்துவிட்டு, திறக்க விடாமல் முடிந்தவரை பிடியுங்கள். எனக்கு நன்றாகக் கைகொடுத்த பயிற்சி இது.

அளவு தெரிய வேண்டுமானால், அயர்ன்மைண்ட் நிறுவனத்தின் ‘கேப்டன்ஸ் ஆஃப் க்ரஷ்’ கிரிப்பர்களில் 1-ஆம் எண்ணை மூட வேண்டிய பலம் 140 பவுண்டு, 2-ஆம் எண் 195, 3-ஆம் எண் 280, 4-ஆம் எண் 365. அந்த 4-ஆம் எண்ணை மூடி முதலில் சான்றிதழ் வாங்கியவர் ஜோ கின்னி, 1998-இல். ஜிம்முக்குப் போகிற பலருக்கே 1-ஆம் எண் முதல் தடவை மூடாது. ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாக அளப்பதால் ஒன்றின் பவுண்டை இன்னொன்றோடு ஒப்பிடாதீர்கள்.

முன்கை பருமனாக வேண்டும் என்பதும் உங்கள் ஆசை என்றால், கயிற்றில் தொங்கும் எடையைக் குழாயில் சுற்றி மேலே ஏற்றும் ரிஸ்ட் ரோலர்தான் என் தேர்வு. கிரிப்பர் அவ்வளவாகத் தொடாத மேற்பக்கத் தசைகளையும் இது பிடித்து இழுக்கும். காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. ஒன்றரை அடி நீள பிவிசி பைப், நடுவில் ஒரு துளை, அதில் முடிச்சுப் போட்ட நைலான் கயிறு, நுனியில் இரண்டரை கிலோ தகடு. கையை முன்னால் நீட்டிச் சுற்றினால் முன்கைக்கு முன் தோள் சோர்ந்துவிடும். பெஞ்ச் மேல் ஏறி நின்று, கையைத் தொங்கவிட்டுச் சுற்றுங்கள். புறங்கை மேலே எழும்படி சுற்றினால் மேற்பக்கத் தசைகளுக்கு வேலை. எதிர்த்திசையில் சுற்றினால் உட்பக்கத்துக்கு. மேலே வந்ததும் கயிற்றைச் சரசரவென்று விடாமல், சுற்றியது போலவே ஒவ்வொரு மணிக்கட்டாக இறக்குங்கள். எரிச்சல் இறக்கும்போதுதான் உச்சத்துக்கு வரும்.

பக்கத்தில் சிலம்பக்கூடம் இருந்தால், கனமான மரக்கட்டையைப் பிடித்துச் சுழற்றும் கர்லா கட்டையும் கற்றுக்கொள்ளுங்கள். பிடி, மணிக்கட்டு, தோள் மூன்றும் சேர்ந்து உழைக்கிற பயிற்சி அது.

அப்புறம், ஒரு எச்சரிக்கை. தசையைவிடத் தசைநாண் மெதுவாகத்தான் பலப்படும். முழங்கையின் உட்புற எலும்பருகே வலித்தால் மூடும் பயிற்சி அதிகம், வெளிப்புறம் வலித்தால் ரோலர் அதிகம் என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். அன்றே குறையுங்கள், ஓய்வுக்குப் பிறகும் வலி நீடித்தால் பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள். ஒவ்வொரு கிரிப்பர் பயிற்சிக்குப் பின்னும் ஐந்து விரல் நுனியிலும் தடித்த ரப்பர் பேண்டை மாட்டி, விரல்களை விரித்து விரித்து மூடுங்கள், இருபது இருபத்தைந்து தடவை. ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் மூச்சை அடக்கி அழுத்தக் கூடாது. மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.