மொன்டானா வேட்டைப் படம்: 1875 இல்லை, 1896-ஐ ஒட்டியோ பிறகோ

நீங்கள் காட்டிய பழைய புகைப்படத்துக்கு ‘மொன்டானா எருமை வேட்டைக்காரர், 1875’ என்று எழுதியிருக்கும் படக்குறிப்பு தவறு. அவர் கையிலுள்ள துப்பாக்கியின் நெம்புகோலைப் பார்த்து, அதை வின்செஸ்டர் நிறுவனத்தின் 1873 மாடல் என்று நினைத்திருக்கிறீர்கள். ஆனால் விசைக்கு முன்னால் அடியில் துருத்தி நிற்கும் பெட்டி, ஜான் பிரவுனிங் வடிவமைத்த வின்செஸ்டர் 1895 மாடலின் மேகசின், அதாவது தோட்டாக்களை வைக்கும் பெட்டி; அந்த மாடல் கைக்கு வந்தது 1896 வாக்கில்தான். அதற்கு முந்தைய வின்செஸ்டர் நெம்புகோல் துப்பாக்கிகளில் தோட்டாக்கள் துப்பாக்கிக் குழலுக்கு அடியில் நீளவாக்கில் உள்ள இன்னொரு குழலுக்குள் இருக்கும்.

குறிப்பைப் பிற்பாடு யாரோ ஊகித்து எழுதியிருக்க வேண்டும். வட அமெரிக்கக் காட்டெருமைகளின் (பைசன்) வடக்குக் கூட்டம் 1883 வாக்கிலேயே ஏறக்குறைய அழிந்துபோனது, எனவே இந்தத் துப்பாக்கி வந்த காலத்தில் அங்கே எருமை வேட்டைக்கு இடமில்லை.

சரிபார்க்க, படத்தை 1200 டிபிஐயில் ஸ்கேன் செய்து துப்பாக்கியின் வாய்ப்பக்கத்தைப் பெரிதாக்குங்கள். 1873 என்றால் பெரும்பாலும் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு குழல் தெரியும், 1895-இல் ஒன்றுதான். அரைநீள மேகசின் வைத்த 1873-உம் உண்டு, எனவே இதை மட்டும் நம்பாதீர்கள். துப்பாக்கியின் உடற்பகுதியின் (விசைக்கு மேலுள்ள உலோகப் பகுதி) பக்கவாட்டையும் பாருங்கள்: 1895 மாடலில் முதல் சுமார் 5,000 துப்பாக்கிகளுக்கு அது தட்டையாக இருக்கும், பிறகு வந்தவற்றில் வரிப்பள்ளம் விழுந்திருக்கும். தட்டை என்றால் துப்பாக்கி தொடக்க உற்பத்தி.

இடுப்பில் தொங்கும் தோட்டாப் பை, துப்பாக்கிக்குப் பின்னால் இருப்பதால், அந்த மேகசின் பெட்டி போலத் தெரியலாம். பெட்டியின் விளிம்பு துப்பாக்கி உலோகத்தோடு ஒட்டி நேராக ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

படம் எந்த ஆண்டுக்கு முன் எடுத்ததாக இருக்க முடியாது என்பதை மட்டுமே துப்பாக்கி சொல்லும். 1910-லும் அதே துப்பாக்கியோடு ஒருவர் நின்றிருக்கலாம். படம் அஞ்சலட்டையில் அச்சிட்டதா? பின்புறம் நடுவே கோடு போட்டுப் பிரித்திருந்தால் அட்டை 1907-ஐச் சேர்ந்தது அல்லது அதற்குப் பிந்தையது.