நிச்சயமான பிறகும் ரகசியமா?

கேள்வி: அக்கா, எனக்கு நிச்சயம் முடிஞ்சிருச்சு, தை மாசம் கல்யாணம், மாப்பிள்ளை வீடு பொள்ளாச்சி. காலேஜ்ல ஹாதார்ன் எழுதின கறுப்பு முகத்திரை கதை படிச்சோம். அதுல எலிசபெத் தனக்கு நிச்சயமானவரை விட்டுட்டுப் போறது சரின்னு நான் சொல்றேன், என் ஃப்ரெண்டு ஒத்துக்க மாட்டேங்கிறா. இவரும் ஒரு விஷயத்தை மட்டும் 'கல்யாணத்துக்கு அப்புறம் சொல்றேன்'ங்கிறார், அதுல இருந்து அந்தக் கதைதான் மனசுல ஓடிட்டே இருக்கு. – வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: நான் எலிசபெத் பக்கம்தான் கண்ணு. படிக்காதவங்களுக்காக கதையைச் சொல்லிடறேன். அமெரிக்காவுல மில்ஃபோர்ட்ங்கிற ஊர்ல ஹூப்பர்னு ஒரு போதகர், முப்பது வயசு இருக்கும், ஒரு ஞாயித்துக்கிழமை திடீர்னு முகத்துல கறுப்புத் துணி போட்டுக்கிட்டு சர்ச்சுக்கு வர்றார், வாயும் தாடையும் மட்டும்தான் வெளிய தெரியுது. ஊரே பயந்து குசுகுசுன்னு பேசுது, ஆனா நேர்ல போய் ஏன்னு கேக்க ஒருத்தருக்கும் தைரியம் வரல. எலிசபெத்தான் கேக்கறா. கட்டிக்கப்போறவ நான், எனக்குக் காரணம் தெரியணும், நீங்க ஏதோ பாவம் பண்ணி மறைக்கறீங்கன்னு ஊர் பேசுதேன்னு கேக்கறா, ஒரே ஒரு தடவை திரையைத் தூக்கி என் முகத்தைப் பாருங்கன்னும் கேக்கறா. அவர் முடியவே முடியாதுங்கிறார், உனக்காகக்கூட இந்த ஜென்மத்துல எடுக்க மாட்டேன், என்னை விட்டுப் போயிடாதேன்னு கெஞ்சவும் செய்யறார். அவ கிளம்பிட்டா. ஆனா பல வருஷம் கழிச்சு அவர் சாகக் கிடக்கறப்ப பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டது அவதான், பாசம் எங்கயும் போயிடல. திரையோடவே அவரைப் புதைச்சாங்க, காரணம் கடைசி வரைக்கும் யாருக்கும் தெரியாது. 1836ல வந்த கதை, இன்னும் இதுக்குப் பதில் தேடி ஆளாளுக்கு எழுதிக்கிட்டே இருக்காங்க.

உன் ஃப்ரெண்டு ஹூப்பருக்காகப் பேசறதுலயும் ஒரு நியாயம் இருக்கு. அவர் மறைச்சார், ஆனா ஏமாத்தல. எப்பவும் சொல்ல மாட்டேன்கிறதை கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லிட்டார், அதனாலதான் இருக்கறதா போறதான்னு அவளால முடிவு பண்ண முடிஞ்சுது. உன் மாப்பிள்ளை சொல்றது அப்படி இல்லையே. 'அப்புறம் சொல்றேன்'னா நீ முடிவு பண்ற நேரம் தாண்டினதுக்கு அப்புறம்னு அர்த்தம், அதை ஒத்துக்காதே.

அவரோட தங்கச்சி விஷயம், நண்பன் விஷயம், அடுத்தவங்க நம்பிச் சொன்னதுன்னா அது உனக்குத் தெரிய வேண்டியதில்ல, 'இது என்னோடது இல்ல, உன்னைத் தொடாது'ன்னு அவர் சொன்னா நம்பலாம். கடன், வியாதி, கேஸ், முன்னாடி நடந்த கல்யாணம்னா அதெல்லாம் நாளைக்கு உன் தலையிலதான் வந்து விழும், தாலி ஏறுறதுக்கு முன்னாடி தெரிஞ்சே ஆகணும். ஃபோன்ல கேக்காதே, வாட்ஸ்அப் சுத்தமா வேண்டாம். கோபாலபுரம் செக்போஸ்ட் தாண்டினா உங்க ஊரு, எவ்வளவு தூரம், ஒரு நாள் வரச் சொல்லி உங்க வீட்லயே உக்கார வெச்சு நேரா கேளு. அம்மாகிட்டயும் முன்கூட்டியே சொல்லி வை.

கேள்வி: 'குளத்தங்கரை அரசமரம்' கதையில நாகராஜன் நல்ல எண்ணத்துலதானே மறைச்சான், அவனைப் போய் குத்தம் சொல்லலாமா? – வாசகர், குமுளி

பதில்: சொல்லலாம், நான் சொல்வேன். வ.வே.சு. ஐயர் 1915ல எழுதினது. சின்ன வயசுலயே கல்யாணம் ஆன பொண்ணு ருக்மிணி, புருஷன் வீட்டுக்கு இன்னும் போகல. அர்பத்நாட் கம்பெனி முழுகி அவ அப்பா பணம் போனதும் மாமியார் வீட்ல அவளைத் தள்ளிட்டு பையனுக்கு வேற பொண்ணு பாக்கறாங்க. நாகராஜன் சம்மதிக்கிற மாதிரி நடிச்சு கடைசி நேரத்துல எல்லாரையும் கவுத்துடலாம்னு திட்டம் போடறான். கூட்டாளிகிட்ட சொன்னான், அவகிட்ட மட்டும் உடைச்சுச் சொல்லல. அவ குளத்துல விழுந்து செத்துப்போறா, அவன் சந்நியாசியா போயிடறான். பெத்தவங்களுக்குப் பாடம் கத்துக்குடுக்கணும்னா குடுத்துக்கட்டும், அந்த நாடகம் முடியற வரைக்கும் தினம் அழுதுட்டு இருந்தது யாரு? ருக்மிணிகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா திட்டம் ஒண்ணும் கெட்டுப்போயிருக்காது, அவளும் அவனோட சேர்ந்து நடிச்சிருப்பா.