ஏபிஎஸ் விளக்கு எரிந்தால் சக்கரத்திலிருந்து தேடுங்கள்

மோட்டார் பட்டறை: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஏபிஎஸ் விளக்கைப் பற்றியவை. ஏபிஎஸ் என்பது அவசரமாகப் பிரேக் பிடிக்கும்போது, பிரேக்கை விட்டுவிட்டுத் தளர்த்தி, சக்கரம் சுற்றாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் அமைப்பு. அதனால் செயின், கார்புரேட்டர் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.

கேள்வி: அண்ணே, நான் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறேன். என் 250 சிசி மோட்டாரில் சாவி போட்டதும் ஏபிஎஸ் விளக்கு எரிகிறது, நகர்ந்ததும் அணைகிறது. தோட்டத்துச் சாலையைத் தாண்டிப் பெரிய ரோட்டில் வேகம் பிடித்ததும் திரும்ப எரிகிறது. மழை நாளில் இன்னும் மோசம். ஒரு பட்டறையில் ஏபிஎஸ் யூனிட்டையே மாற்றச் சொல்கிறார்கள். சில ஆயிரம் வெள்ளி ஆகுமாம். மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு ஒரு வெள்ளிகூடக் கொடுக்காதீர்கள் தம்பி.

சாவி போட்டதும் விளக்கு எரிவது கோளாறு இல்லை. அந்த நேரத்தில் யூனிட் தன்னைத்தானே சோதித்துக்கொள்கிறது. மோட்டார் நகர்ந்து மணிக்கு 5, 10 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டதும், இரண்டு சக்கரங்களிலிருந்தும் கணக்கு ஒழுங்காக வந்தால் விளக்கை அணைக்கிறது. உங்கள் வண்டியில் அணைகிறது. அப்படியென்றால் பியூஸ் இருக்கிறது, பேட்டரியும் ஓரளவு சரி. யூனிட்டுக்குள் இருக்கும் பம்ப்போ வால்வோ கெட்டிருந்தால் பெரும்பாலும் இந்த முதல் சோதனையிலேயே மாட்டிக்கொள்ளும்.

வேகம் பிடித்த பிறகு எரிந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது சக்கரத்தை. டிஸ்க்குக்கு உள்பக்கம் வரிசையாகத் துளை போட்ட ஒரு மெல்லிய வளையம் தெரியும். அதற்கு எதிரே ஒரு சின்ன சென்சார். துளையும் தகடும் மாறி மாறிக் கடப்பதை அது எண்ணி யூனிட்டுக்கு அனுப்புகிறது. எண்ணிக்கை நடுவில் விட்டுப்போனால், சக்கரம் பூட்டிக்கொண்டதா, சென்சார் தப்பாகச் சொல்கிறதா என்ற குழப்பம் வரும். நம்ப முடியாத கணக்கை வைத்துக்கொண்டு பிரேக்கைத் தளர்த்துவது ஆபத்து. அதனால் ஏபிஎஸ் வேலையை நிறுத்திவிட்டு விளக்கைப் போடுகிறது.

இப்போது உங்கள் ரோட்டை நினைத்துப் பாருங்கள். குலை ஏற்றிய லோரி போன தடத்தில் செம்மண் சேறு. அது காய்ந்து, வளையத் துளைகளில் அடைத்துக்கொள்ளும். பிரேக் பேடிலிருந்தும் டிஸ்க்கிலிருந்தும் உதிரும் இரும்புத் தூள் சென்சார் நுனியில் ஒட்டும். முதல் வேலை, சென்சாரைக் கழற்றி, பிரேக் கிளீனர் நனைத்த துணியால் நுனியைத் துடையுங்கள். கத்தி, கம்பி எதுவும் வேண்டாம். வளையத் துளைகளை நைலான் பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள்.

அடுத்து, சக்கரத்தைத் தூக்கிக் கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே சென்சாருக்கும் வளையத்துக்கும் உள்ள இடைவெளியைப் பில்லர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துப் பாருங்கள். பல மாடல்களில் அது 1 மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கும், சரியான அளவு சர்வீஸ் புத்தகத்தில் இருக்கிறது. அளவைவிட முக்கியம், முழுச் சுற்றிலும் அது மாறாமல் இருப்பது. ஒரு பக்கம் நெருங்கி ஒரு பக்கம் விலகினால் வளையம் வளைந்திருக்கிறது, அல்லது பேரிங் ஆடுகிறது. கடைசியாக எப்போது டயர் மாற்றினீர்கள் என்று யோசியுங்கள். டயர் கழற்றும் இரும்பு பட்டு வளையம் நெளிவது அடிக்கடி நடப்பது. பேரிங் போயிருந்தால் சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைத்தாலே கையில் தெரியும். குழியும் சேறுமாக உள்ள ரோட்டில் பேரிங் சீக்கிரம் போகும். வேகம் கூடும்போது மட்டும் விளக்கு எரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மழையில் மோசம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குப் பெரிய துப்பு. சென்சார் வயர் மேலே போய் ஒரு சொக்கெட்டில் சேரும். அதைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் உலோகப் பின்களில் பச்சை பூத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. காண்டாக்ட் கிளீனர் அடித்துக் காயவைத்து, மின் இணைப்புக்கான சிலிகான் கிரீஸ் கொஞ்சம் தடவி மாட்டுங்கள். சேறு போக வேண்டும் என்று வாட்டர் ஜெட்டைச் சக்கரத்துக்குக் கிட்டே பிடிப்பவர்கள் தயவுசெய்து அந்தப் பழக்கத்தை விடுங்கள். சாதாரண மழை நுழையாத இடத்திலும் அந்த அழுத்தம் நுழைந்துவிடும்.

வயரைக் கீழிருந்து மேல் வரை விரலால் தடவிப் பார்ப்பதும் முக்கியம், அதிலும் தோட்டத்தில் இருப்பவர்களுக்கு. செம்பனை இருக்கும் இடத்தில் எலி இருக்கும். ஆந்தைக்குக் கூடு வைத்து வளர்க்கிற அளவுக்கு எலித் தொல்லை உள்ள தோட்டங்கள் நம்மிடம் உண்டு. வீட்டுக்குப் பக்கத்தில் நிற்கும் மோட்டாரின் வயரை அது விட்டுவைக்காது. ஹேண்டிலைத் திருப்பும்போது மடங்கும் இடத்தில் வயர் உள்ளுக்குள் அறுந்து, வெளித்தோல் மட்டும் நன்றாக இருப்பதும் உண்டு.

ஒரு எச்சரிக்கை. பழைய வகை சென்சாரில் வெறும் கம்பிச் சுருள்தான் இருக்கும், மீட்டரில் ஓம் அளந்து பார்க்கலாம். இப்போது வரும் பலவற்றில் உள்ளே மின்னணு இருக்கிறது. அதை ஓம் வைத்து அளந்து 'செத்துப்போச்சு' என்று சொன்னால் நம்பாதீர்கள்.

இத்தனைக்கும் முன்னால், அந்தப் பட்டறையில் கேளுங்கள்: யூனிட்டில் பதிவான கோளாறு கோட் எண் என்ன? எழுதி வாங்குங்கள். ஸ்கேனர் இல்லாத பட்டறை என்றாலும், சில மாடல்களில் சர்வீஸ் சொக்கெட்டை இணைத்தால் விளக்கே மின்னி மின்னி எண்ணைக் காட்டும். 'முன் சக்கர சென்சார்' என்று கோட் வந்தால்கூட சென்சார்தான் கெட்டது என்று ஆகாது. அந்தப் பக்கத்தின் சேறு, வளையம், பேரிங், வயர் எல்லாமே அந்த ஒரே கோட்டுக்குள் அடங்கும். கோட்டைப் படிக்காமலே யூனிட் விலை சொல்கிறவரிடம் மோட்டாரை விடாதீர்கள்.

கேள்வி: சென்டர் ஸ்டாண்டு போட்டு, இன்ஜினை ஓட விட்டுப் பின் சக்கரத்தைச் சுற்றி செயின் கழுவினேன். ஏபிஎஸ் விளக்கு எரிந்து நிற்கிறது. பயமாக இருக்கிறது.

பதில்: விளக்கைப் பற்றிப் பயம் வேண்டாம். பின் சக்கரம் ஓடுகிறது, முன் சக்கரம் நிற்கிறது. யூனிட் அதைக் கோளாறு என்று எடுத்துக்கொண்டது. சாவியை ஒருமுறை அணைத்து, மறுபடி போட்டு ஓட்டுங்கள். சில மாடல்களில் 30 கிலோமீட்டர் வேகம் தொட்ட பிறகே அணையும். ஆனால் இன்ஜின் ஓடும்போது செயினில் துணி பிடிக்கவே கூடாது. விரல் போனவர்களை எனக்குத் தெரியும். கையால் சுற்றியே கழுவுங்கள்.

கேள்வி: ஐயா, என் மகன் ஈப்போவில் தொழிற்சாலை வேலைக்கு விடியுமுன் மோட்டாரில் போகிறான். ஏபிஎஸ் விளக்கு விடாமல் எரிகிறது என்று அதன் மேல் கறுப்பு டேப் ஒட்டிவிட்டான். 'பிரேக் பிடிக்கிறதே' என்கிறான். அவன் அப்பாவும், அந்தக் காலத்தில் எங்கள் மோட்டாரில் ஏபிஎஸ் ஏது என்கிறார். நான் வீணாகக் கவலைப்படுகிறேனா?

பதில்: வீண் கவலை இல்லை அம்மா. பிரேக் பிடிக்கும் என்று மகன் சொல்வது உண்மை. ஏபிஎஸ் நின்றாலும் சாதாரண பிரேக் வேலை செய்யும். ஆனால் ஈர ரோட்டில் அவசரமாக அழுத்தினால் முன் சக்கரம் பூட்டிக்கொள்ளும். பூட்டிய முன் சக்கரம் ஹேண்டிலுக்குக் கட்டுப்படாது, கண் இமைக்கும் நேரத்தில் வண்டி சாய்ந்துவிடும். மகனின் அப்பா அந்தக் காலத்தில் ஓட்டிய கப்ச்சாய்களில் (சின்ன மோட்டார்களில்) பெரும்பாலும் டிரம் பிரேக். கை வலிக்க அழுத்தினால்தான் சக்கரம் பூட்டும். இன்றைய டிஸ்க் பிரேக்கில் இரண்டு விரல் போதும். தயவுசெய்து இதை அப்பாவிடமும் மகனிடமும் படித்துக் காட்டுங்கள்.

விளக்கு ஒருபோதும் அணையவில்லை என்பதால் பியூஸையும் பேட்டரியையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள். ஏபிஎஸ்ஸுக்குத் தனி பியூஸ் உண்டு, பல வண்டிகளில் ஒன்றுக்கு மேல். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் ஏறக்குறைய 14 வோல்ட் வர வேண்டும். இன்னொன்றும் கேளுங்கள்: அழகுக்காக டயர் அளவை மாற்றினானா? இரண்டு சக்கரத்தின் வேகத்தையும் ஒப்பிட்டே ஏபிஎஸ் முடிவெடுக்கிறது. அளவு மாறினால் கணக்கு உதைக்கும். சரிசெய்யும் வரை டேப்பை எடுத்துவிட்டு, முன்னால் போகும் வண்டிக்குத் தாராளமாக இடைவெளி விட்டு, இரண்டு பிரேக்கையும் மெல்லச் சேர்த்துப் பிடித்து ஓட்டட்டும்.

கேள்வி: பிரேக் ஆயில் மாற்றிய பிறகு லிவர் பஞ்சு மாதிரி அமுங்குகிறது. பிரேக் குழாயிலிருந்து பலமுறை காற்று எடுத்தும் போகவில்லை.

பதில்: காற்று யூனிட்டுக்குள் மாட்டியிருக்கலாம். வால்வு மூடியிருக்கும்வரை சாதாரணமாக எடுத்தால் வராது. ஸ்கேனர் வைத்து பம்ப்பை இயக்கி, பிறகு மறுபடி எடுக்க வேண்டும். அந்தக் கருவி உள்ள பட்டறைக்குப் போங்கள். லிவர் இந்த நிலையில் இருக்கும்போது ஓட்டிக்கொண்டு போகாமல் லோரியில் ஏற்றிப் போங்கள். பிரேக் ஆயில் தொட்டியின் மூடியில் டாட் 4 (ஆயிலின் வகை) என்று போட்டிருந்தால் அதையே ஊற்ற வேண்டும். டாட் 5 சிலிகான் வகை, அது ஆகாது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி, ஈரம் ஏறியதற்கு அந்த அளவு 155 டிகிரிதான். நம் ஊர்க் காற்றில் 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவதைத் தள்ளிப் போடாதீர்கள்.

கேள்வி: தோட்டத்துச் சரளை இறக்கத்தில் பிரேக் பிடித்தால் லிவர் கையில் துடிக்கிறது, வண்டியும் சட்டென்று நிற்கவில்லை. ஏபிஎஸ் கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை. துடிப்பது ஏபிஎஸ் வேலை செய்யும் அடையாளம், லிவரை விட்டுவிடாதீர்கள். சரளையில் ஏபிஎஸ் வண்டி நிற்க அதிக தூரம் எடுக்கும், அது அதன் இயல்பு. இறக்கத்துக்கு முன்பே கியரைக் குறைத்து, இன்ஜின் பிடியில் இறங்குங்கள். தார் ரோட்டில் சாதாரணமாக மெல்லப் பிடிக்கும்போதும் இதே துடிப்பு வந்தால் மட்டும் வளையத்தையும் டிஸ்க்கையும் பார்க்கக் கொண்டு வாருங்கள்.