சைலன்சர் பூட்டினால் சத்தமே வராதா?

கேள்வி: டெக்சாஸில் இருக்கும் மச்சான் சைலன்சர் பூட்டிய துவக்கோடு மான் வேட்டைக்குப் போகிறார். சட்டப்படி சரியா? சத்தமே கேட்காதாமே? ஒன்றை இங்கே இலங்கைக்குக் கொண்டுவரலாமா?
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: டெக்சாஸில் சரிதான். ஆனால் 1934ஆம் ஆண்டுச் சட்டப்படி சைலன்சரை அமெரிக்க மத்திய அரசிடம் பதிந்து ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். அதற்கான 200 டொலர் வரி 2026 ஜனவரியோடு பூச்சியமாகிவிட்டது. பதிவு அப்படியே இருக்கிறது. கலிபோர்னியாவில் அதை வைத்திருப்பதே குற்றம்.

சத்தம் கேட்காது என்பது சினிமாக் கதை. ரைபிள் வெடி ஏறத்தாழ 160 டெசிபல். நல்ல சைலன்சர் 20 முதல் 35 வரை குறைக்கும். மிச்சமும் காதைக் கெடுக்கப் போதும், காதடைப்பானைக் கழற்ற வேண்டாம். ஒலியைவிட வேகமாகப் பறக்கும் சன்னத்தின் ‘சடார்’ ஓசையை எந்தச் சைலன்சரும் அடக்காது. பூட்டியதும் குழல் நுனியில் பாரம் ஏறி, சன்னம் படும் இடம் மாறும். இலக்குப் பலகையில் சுட்டுக் குறியைத் திருத்தாமல் போனால், மான் காயத்தோடு ஓடிப் பற்றைக்குள் கிடந்து துடிக்கும். அது பெரும் பாவம். சைலன்சரைப் பூட்டும் திருகுப் புரி கோணலாக இருந்தால் சன்னம் உள்தட்டில் மோதிச் சைலன்சரே பிளந்துவிடும்.

இங்கே கொண்டுவரும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். துவக்கு வைத்திருக்கவே அனுமதிப்பத்திரம் வேண்டிய நாடு இது; கட்டுநாயக்க விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்தால் வழக்குத்தான். புள்ளிமானும் மரையும் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை.