அடிஸ் அபாபா காப்பகத்தில் டிசம்பர் 25: பதில்

பயணத்தை ஜனவரி 7-க்கு மாற்றுங்கள். டிசம்பர் 25 அன்று கிறிஸ்துமஸ் கொண்டாடக் கேக்கோடு வருகிறோம் என்று நீங்கள் சொன்னதற்கு, அந்தக் குழந்தைகள் காப்பகத்தார் "ஜனவரியில் வாருங்கள்" என்றது தட்டிக்கழிக்க இல்லை. எத்தியோப்பியாவில் கிறிஸ்துமஸே ஜனவரி 7 அன்றுதான், கென்னா என்பார்கள், டிசம்பர் 25-க்கு அரசு விடுமுறைகூடக் கிடையாது.

கேக்கும் ஒரு காரணமாக இருக்கலாம். நவம்பர் கடைசியிலிருந்து கென்னா வரை ஆர்த்தடாக்ஸ் என்ற பழைய கிறிஸ்தவ சபையாருக்கு நோன்பு, இறைச்சி மட்டுமல்ல, முட்டை, பால், வெண்ணெய் எதுவும் தொடமாட்டார்கள். சின்னப் பிள்ளைகள் நோன்பு இருக்கமாட்டார்கள், சரி, சமைத்துப் போடுகிற அக்காக்கள் பார்த்துக்கொண்டு நிற்க நாம் கேக் வெட்டினால் நன்றாகவா இருக்கும்?

பொறுப்பாளரிடம் இரண்டு கேளுங்கள்: காப்பகம் எந்தச் சபையைச் சேர்ந்தது, பண்டிகையன்று என்ன சமையல். பெரும்பாலும் டோரோ வொட்டாக இருக்கும், வெங்காயத்தை நெடுநேரம் வதக்கி, பெர்பெரே என்ற காரமான மசாலாப்பொடி போட்டு, அவித்த முட்டையை முழுசாகச் சேர்த்த கோழிக்குழம்பு, அதைத் தொட்டுச் சாப்பிட இஞ்செரா என்ற புளித்த தோசை மாதிரி அப்பம். அந்தக் கோழிக்கும் வெங்காயத்துக்கும் பணம் கொடுங்கள், கேக்கைவிட உபயோகம். அப்புறம், கென்னா என்ற பெயரிலேயே ஹாக்கி மாதிரி ஒரு விளையாட்டு உண்டு, பையன்களோடு இறங்கி ஆடுங்கள்.

ஒன்று மட்டும்: வெளியிலிருந்து சமைத்த இறைச்சி கொண்டுபோகாதீர்கள். பிள்ளைகளில் முஸ்லிம்களும் இருக்கலாம், அறுத்தது யார் என்பது அங்கே கிறிஸ்தவர், முஸ்லிம் இரு தரப்பாருக்குமே பெரிய விஷயம்.