சின்னக் குறை என்று யார் சொல்வது?

கேள்வி: புதிதாக ஓர் இரும்பு இழைப்புளியும் ஒரு மூலைமட்டமும் ஆன்லைனில் வாங்கினேன். இழைப்புளியின் பக்கவாட்டில் பெயின்ட் வழிந்து காய்ந்திருக்கிறது. அடிப்பாகம் நடுவில் மயிரிழை அளவு குழிந்திருக்கிறது. மூலைமட்டத்தை வைத்துக் கோடு போட்டு, அதையே திருப்பி வைத்து இன்னொரு கோடு போட்டால் இரண்டும் சேரவில்லை. விற்றவரோ, "கைக்கருவின்னா இப்படித்தான், நாமதான் சரிபண்ணிக்கணும்" என்கிறார். அடிப்பாகத்தை உப்புத்தாளில் தேய்க்கத் தொடங்கிவிட்டேன். பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: முதலில் தேய்ப்பதை நிறுத்துங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

மூலைமட்டத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை, திருப்பிக் கொடுங்கள். அதற்கு இருக்கும் ஒரே வேலை 90 டிகிரி காட்டுவது. விலகல் கண்ணுக்கு நூலிழையாகத் தெரியலாம், ஆனால் அந்த ஒரே வேலையை அது செய்யவில்லை. இங்கிலாந்தில் முன்பு இருந்த 1893 பொருள் விற்பனைச் சட்டமும், அதைப் பின்பற்றிய இலங்கையின் 1896 சட்டம், இந்தியாவின் 1930 சட்டம், மலேசியாவின் 1957 சட்டம் ஆகியவையும் கேட்பது இதைத்தான்: வியாபாரி விற்ற பொருள் விற்கத்தக்க தரத்தில் இருக்கிறதா? குறை எத்தனை மில்லிமீட்டர் என்பது அதற்கு அடுத்த கேள்வி.

இழைப்புளிதான் சிக்கல். பெயின்ட் வழிந்ததற்கெல்லாம் வழக்கா என்று சிரிக்க வேண்டாம். 1910-இல் இங்கிலாந்தில் மோட்டார் ஹாரன்கள் வாங்கிய ஒரு நிறுவனம், பல ஹாரன்கள் நசுங்கி, பாலிஷ் சரியில்லாமல் இருந்ததால் சரக்கை ஏற்க மறுத்தது. சொற்பச் செலவில் சரிசெய்யக்கூடிய குறைகள்தான், இருந்தும் வாங்கிய நிறுவனத்தின் பக்கமே தீர்ப்பு வந்தது. 1976-இல் ஸ்காட்லாந்தில் ஒரு புதுக் காரின் சிறு எண்ணெய்க் கசிவு வழக்கிலோ தீர்ப்பு நேர்மாறு. இந்தக் குழப்பத்துக்குப் பிறகு 1994-இல் பிரிட்டன் தன் சட்டத்தில் 'சிறு குறைகள் இல்லாமை', 'தோற்றம்' என்று வெளிப்படையாகவே எழுதிக்கொண்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019 விதியோ வேறு மாதிரி: குறை சிறியது என்றால் ஒப்பந்தத்தை முறிக்க முடியாது, பழுதுபார்ப்போ மாற்றுப் பொருளோ விலைக்குறைப்போ கேட்கலாம். ஆனால் குறை சிறியது என்று நிரூபிக்க வேண்டியவர் விற்றவர்தான்.

குழிவைப் பொறுத்தவரை, அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். முனை, அலகு வெளிவரும் வாய், பின்பகுதி மூன்றும் ஒரே மட்டத்தில் மரத்தைத் தொட்டால், இடையில் உள்ள பள்ளம் வேலையைக் கெடுக்காது. வாய்க்கு முன்னால் குழிந்திருந்தால் மெல்லிய சீவல் வராது, அது நிஜமான குறை.

சரி, உப்புத்தாளுக்கு வருவோம். குறையைப் பார்த்த பிறகும் பொருளை மாற்றியமைத்தால், அதை நீங்கள் ஏற்றுக்கொண்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளக்கூடும். அப்போது முழுப் பணம் கேட்கும் உரிமை பலவீனமாகிவிடும், இழப்பீடு கேட்பது மட்டும் மிஞ்சும். அப்புறம், "குழிவே நீங்க தேய்ச்சதுதான்" என்று விற்றவர் சொன்னால் என்ன செய்வீர்கள்? தேய்ப்பதற்கு முன் எடுத்த படம் ஏதாவது இருந்தால் பத்திரப்படுத்துங்கள்.

என் யோசனை: இரண்டுக்கும் ஒரே புகார் எழுதாதீர்கள். மூலைமட்டத்துக்கு முழுப் பணம் கேளுங்கள், இழைப்புளிக்கு விலைக்குறைப்பு மட்டும் கேளுங்கள். பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடவில்லையே? அதில் 'துல்லியமாகச் சமன் செய்யப்பட்டது' என்பது போல ஏதாவது அச்சிட்டிருந்தால் படமெடுத்து இணையுங்கள். சொன்ன விவரப்படி பொருள் இல்லை என்ற வாதம் அதிலிருந்தே கிடைத்துவிடும், 'சின்னக் குறை' என்ற பேச்சுக்கே போக வேண்டியதில்லை.